பெண் குழந்தையும் குட்டிக்கரணமும்

அமெரிக்காவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெண் குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆனவுடன் வீட்டில் ஒரு விவகாரம் கிளம்புகிறது. தன்னோடு படிக்கும் பெண்கள் "சியர்" வகுப்புக்கும், "டம்ப்ளிங்" என்னும் கரண வகுப்புக்கும் போவதைப் பார்த்துவிட்டுத் தானும் போகவேண்டும் என்று குழந்தை கேட்கின்றது. கட்டணம் எவ்வளவு என்கிறார் தகப்பனார். கழுத்து எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்கிறார் தாயார். ஊரிலிருந்து போனில் முகம் பார்த்துப் பேசும் பாட்டியாரோ, பெண்ணாய்ப் பிறந்தது காலைத் தூக்கித் தலைகீழாய் நிற்பதாவது என்கிறார்.

இவற்றில் முதல் இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவது கேள்வியே அல்ல. பழைய வழக்கத்தின் புலம்பல். ஆனால் இவையெல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை அநேகமாய் யாரும் கேட்பதில்லை. அந்தக் கொட்டகைக்குள் நம் குழந்தையைத் தொட்டுத் தூக்கிப் புரட்டப் போகிற மனிதன் யார்? அவனைக் கண்டிக்கக்கூடியவர் அங்கே யார் இருக்கிறார்? குழந்தை "மாட்டேன்" என்றால் அவன் என்ன செய்வான்? இதைப் பற்றியே நாம் முக்கியமாய் எழுத உத்தேசித்தோம் என்றாலும், மற்றவைகளையும் கொஞ்சம் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

"சியர்" என்றால் என்ன? நம் நாட்டில் 2008-ஆம் வருஷம் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆரம்பித்தபோது, மைதானத்து ஓரத்தில் வெளிநாட்டுப் பெண்களை நிறுத்தி, ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஆடவிட்டதைப் பார்த்தவர்களுக்கு, அது ஆண்களின் ஆட்டத்துக்கு அழகு செய்கிற வேலை என்றே தோன்றும். ஆனால் அதன் கதை அப்படி ஆரம்பிக்கவில்லை. 1898 நவம்பர் 2-ந் தேதி மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஜானி காம்பெல் என்னும் மாணவர், ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தின் முன் போய் நின்று எல்லோரையும் ஒரே குரலில் கோஷம் போடச் செய்தாராம். அதுதான் ஆரம்பம். வெகு காலம் அது ஆண்களின் வேலையாகவே இருந்தது. பின்னால் அமெரிக்காவின் ஜனாதிபதிகளாய் வந்த ரூஸ்வெல்ட், ஐசனோவர், ரீகன், இளைய புஷ் ஆகியவர்கள் படிக்கிற காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள்தான். மின்னசோட்டாவிலேயே பெண்களுக்கு இடம் கிடைத்தது 1923-இல். இரண்டாவது உலக யுத்தத்துக்கு ஆண் மாணவர்கள் போனபோது காலியான இடங்களில் பெண்கள் நிரம்பினார்கள். அவர்கள் நிரம்பினார்களோ இல்லையோ, அது "பெண்கள் சமாச்சாரம்" என்று பேர் வாங்கி, அதற்கிருந்த மதிப்பும் இறங்கிவிட்டது. ஆண் செய்தவரையில் தலைமை. பெண் செய்தால் அலங்காரம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்லவே! ஓட்டலில் சம்பளத்துக்குச் சமைக்கிற ஆண் "மாஸ்டர்" என்றும், வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறவள் "சும்மா இருக்கிறாள்" என்றும் சொல்லும் ஊரிலிருந்து போனவர்கள்தானே நாம்?

நிற்க. இப்போது சியர் என்பது இரண்டு விதமாய் இருக்கின்றது. ஒன்று, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நின்று கட்சிக்குக் குரல் கொடுப்பது. மற்றொன்று, தனியார் ஜிம்களில் கூட்டமாய்ப் பழகி, ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று, தூக்கி எறிந்து பிடித்து, வரிசையாய்க் கரணம் அடித்துப் போட்டியில் மார்க்கு வாங்குவது. இரண்டாவது கடுமையான தேகப் பயிற்சி என்பதில் சந்தேகமில்லை. 2021-இல் ஒலிம்பிக் கமிட்டியாரே இதன் சர்வதேச சங்கத்தைப் பூரணமாய் அங்கீகரித்திருக்கிறார்கள். ஆனாலும் 2010-இல் கனெக்டிகட் மாகாணத்தில் ஒரு சர்வகலாசாலை, பெண்களின் வாலிபால் கட்சியைக் கலைக்கத் தீர்மானித்து, அதற்குப் பதில் போட்டி சியரைக் காட்டி "பெண்களுக்கும் சமஉரிமை கொடுத்துவிட்டோம்" என்று கணக்குச் சொன்னபோது, அதை இன்னும் ஒழுங்கான ஆட்டமாய் எண்ண முடியாது என்று கோர்ட்டார் தள்ளிவிட்டார்கள். பெண்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுத்து ஏமாற்றும் வித்தை எல்லாத் தேசத்துக்கும் பொதுவானது என்பது இதிலிருந்து விளங்கும்.

நமது அபிப்பிராயம் என்னவென்றால், மைதான ஓரத்து வேலைக்குப் பெண்ணை அனுப்புகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆண் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்குக் குரல் கொடுக்கிற இந்தப் படை, பெண் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்துக்கும் போய்க் குரல் கொடுக்கிறதா? கொடுக்கிறது என்றால் சரி. இல்லை என்றால், அந்தக் குழந்தை அங்கே கற்றுக்கொள்ளும் முதல் பாடம் தேகப் பயிற்சி அல்ல. போட்டி சியரிலும் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. ஏழு வயதுக் குழந்தையின் கண்ணிலும் உதட்டிலும் சாயம் அப்பி, வயிறு தெரிகிற சட்டை போட்டு நிறுத்துகிற ஜிம்களும் உண்டு. அது வேண்டியதில்லை என்று வைத்திருக்கிற ஜிம்களும் உண்டு. கால் சட்டையைப் பற்றி நமக்கு ஆட்சேபணை கிடையாது. கரணம் போடப் பாவாடை உதவாது. சாயம் எந்தக் கரணத்துக்கு உதவுகிறது என்பதை மட்டும் ஜிம்காரர் சொல்லட்டும்.

இனிப் பாட்டியாருடைய ஆட்சேபணைக்கு வருவோம். குதித்தால் பெண்ணின் கருப்பை நழுவிவிடும் என்றும், "கன்னித்தன்மை" கெட்டுவிடும் என்றும், உயரம் வளராமல் குட்டையாய் நின்றுவிடும் என்றும் சொல்லுகிறார்கள். முதல் இரண்டும் பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கக் கட்டிவிட்ட கதைகளே ஒழிய வைத்திய சாஸ்திரமல்ல. மூன்றாவதை டாக்டர்கள் நிதானமாய் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறவர்களின் வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் நிபுணர்கள் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்து, அந்தப் பயிற்சியினால் பெரியவர்களானபின் இருக்கவேண்டிய உயரம் குறைந்துவிடுவதில்லை என்று 2013-இல் எழுதினார்கள். குட்டையாயும் இலேசாயும் இருக்கிறவர்களுக்கு அந்த ஆட்டம் சுலபமாய் வருவதால் அவர்களே அதில் நிலைத்து நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிப் படித்துவிட்டார்கள். திரிபுராவின் அகர்தலாவில் தட்டைப் பாதத்தோடு பிறந்த தீபா கர்மாகர், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் உலகமே பயப்படும் குதிப்பைக் குதித்து நான்காவதாய் வந்ததும் பாட்டியாருக்குச் சொல்லத்தக்கது.

இதில் வேறொரு வேடிக்கையும் இருக்கிறது. நம் ஊர்த் தெருவில் கழைக்கூத்தாடியின் பெண், எந்த மெத்தையும் இல்லாமல் கல்லும் முள்ளும் உள்ள தரையில் இதே பின்கரணத்தை அடித்தால், "கீழ்ச்சாதி வித்தை" என்று தட்டில் காலணா எறிந்துவிட்டுப் போனவர்களின் பேத்திதான், அமெரிக்காவில் மாதம் இத்தனை டாலர் கட்டி அதைக் கற்றுக்கொண்டு வந்து உறவினர் முன் அடித்துக் காட்டுகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். தட்டட்டும். ஆனால் வித்தை ஒன்றுதான் என்பதையும், மாறினது தரையும் சாதியும்தான் என்பதையும் அந்தக் குழந்தைக்கு யாராவது சொன்னால் நல்லது.

இது ஒருபுறமிருக்க, தாயாருடைய பயத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கத்தார் 2012-இல் சியரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இரண்டு உண்மைகள் சொன்னார்கள். மொத்தக் காயங்களின் கணக்கில் மற்ற பெண்கள் ஆட்டங்களைவிடச் சியரில் காயம் குறைவு என்பது ஒன்று. ஆனால் ஹைஸ்கூல் பெண்களுக்கு ஏற்படும் தலை, முதுகெலும்பு முதலிய பயங்கரமான காயங்களில் சுமார் 65 சதவிகிதம் சியரில் ஏற்பட்டவை என்பது மற்றொன்று. அதாவது அடிக்கடி அடிபடாது. பட்டால் பெரிதாய்ப் படும். காரணம் வெளிப்படை. மேலே தூக்கி எறியப்படுகிற பெண் கீழே விழுகிற தூரம் அதிகம். கீழே இருப்பது மரத்தரையாகவோ சிமிண்டாகவோ இருந்துவிட்டால் முடிந்தது. நாலைந்து பேர் கைகளைக் கூடைபோல் பின்னி ஒருத்தியை மேலே எறியும் "கூடைவீச்சு" என்பதைக் கூடைப்பந்து மைதானம் போன்ற கடினத் தரையில் செய்யக்கூடாது என்று 2006-07-இல் விதி செய்தபிறகு பெருங்காயங்கள் குறைந்தன. ஆகவே ஆபத்து தலையெழுத்தில் இல்லை, தரையில் இருக்கிறது.

மண்டையில் அடிபட்டு மூளை அதிர்ந்த குழந்தையை மறுபடி ஆடவிடுவதைப் பற்றி 2009-இல் வாஷிங்டன் மாகாணம் முதன்முதலாய்ச் சட்டம் செய்தது. 2014-க்குள் எல்லா மாகாணங்களும் செய்துவிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் பள்ளிக்கூட ஆட்டங்களை உத்தேசித்துச் செய்தவை. தனியார் ஜிம் எல்லா இடத்திலும் அதற்குள் வராது. ஆகையால் "ஒரு குழந்தை தலையில் அடிபட்டு விழுந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டே ஆகவேண்டும். "எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுவோம்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அன்றைக்கு ஆட்டம் நிறுத்தம், டாக்டர் சீட்டு வந்தபின்தான் மறுபடியும் என்றால் அங்கே மேலும் பேசலாம்.

சில தகப்பனார்கள் கட்டணத்துக்குப் பயந்து, வீட்டுக் கொல்லையில் "டிராம்போலின்" என்னும் துள்ளுமெத்தையை வாங்கிப் போட்டு, இதிலேயே பழகிக்கொள் என்கிறார்கள். இது கெட்ட சிக்கனம். வீட்டில் அதை வைக்கவே வேண்டாம் என்று மேற்படி டாக்டர்கள் சங்கத்தார் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அதில் ஏற்படும் காயங்களில் முக்கால் பங்கு, ஒரே சமயத்தில் பலர் ஏறிக் குதிப்பதால் வருகிறது. அதிலும் அடிபடுவது அநேகமாய் எல்லோரிலும் சிறிய குழந்தையே.

வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் தொங்கும் கோப்பைகளையும் கொடிகளையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கோப்பை குழந்தையைத் தாங்காது. கீழே வில் வைத்த தரை இருக்கிறதா, மெத்தைகளுக்கு நடுவே சந்து விட்டிருக்கிறதா, பஞ்சுக் குழி உண்டா, ஒரு உபாத்தியாயருக்கு எத்தனை குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது யார் பார்க்கிறார்கள் என்பவைகளைப் பாருங்கள். அதைவிடவும் முக்கியமாய், எதற்குப் பின் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னுருளல், பின்னுருளல், கைமேல் நிற்றல், பக்கக் கரணம், அதற்கப்புறம் வளைந்து புரளுதல், அதெல்லாம் திடமான பின்புதான் கை ஊன்றிப் பின்னால் பாயும் கரணம். கை ஊன்றாமல் காற்றில் சுழலுவது அதற்கும் வெகு தூரம். "மூன்று மாதத்தில் பின்கரணம், உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்கிறவனும், மூன்று மண்டலத்தில் சர்வரோக நிவாரணி என்று லேகியம் விற்கிறவனும் ஒரே தொழில் செய்கிறவர்கள்தான்.

அவசரமும் வேண்டியதில்லை. நாலு வயதில் சேர்க்காவிட்டால் காலம் போய்விட்டது என்று ஜிம்காரர் சொல்வார். அவருக்கு வாடகை கட்டவேண்டும். சிமோன் பைல்ஸ் ஆறு வயதில் ஒரு நாள் உல்லாசப் பயணமாய் ஜிம்முக்குப் போய்த்தான் இதை முதன்முதல் பார்த்தார். 27 வயதில், 2024-இல் பாரிஸில் எல்லோரிலும் முதலாய்த் தங்கம் வாங்கினார். ஒக்சானா சுசோவிதினா 46-ஆவது வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதித்தார். ஒரே ஆட்டத்தில் குழந்தையைச் சின்ன வயதிலேயே கட்டிப்போட வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் வருஷத்தில் மூன்று மாதமும் ஓய்வு கொடுங்கள் என்பது 2016-இல் குழந்தை வைத்தியர்கள் சொன்ன யோசனை.

இனி நாம் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் கட்சிக்கு வைத்தியராய் இருந்த லாரி நாசர் என்பவனைப் பற்றிப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வைத்தியம் என்ற பேரால் எத்தனையோ வருஷகாலம் பெண் குழந்தைகளைக் கெடுத்துவந்தான். 1997-லேயே தான் தன் பயிற்சியாளரிடம் சொன்னதாயும், அவர் அதைத் தட்டிவிட்டதாயும் ஒரு பெண் பின்னால் வாக்குமூலம் கொடுத்தார். பெரியவளான பின் ரேச்சல் டென்ஹாலண்டர் என்பவர் தன் பேரோடு முன்வந்து சொல்ல, 2016-இல் இண்டியானாபொலிஸ் பத்திரிகை அதை வெளியிட்டது. 2018 ஜனவரியில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் தங்கள் கதையைச் சொன்னபின், அவனுக்கு 40 முதல் 175 வருஷம் வரை தண்டனை கிடைத்தது. அவனை வேலையில் வைத்திருந்த சர்வகலாசாலை, பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில தடவைகளில் தாயாரோ தகப்பனாரோ அதே அறையில் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே அவன் அக்கிரமம் செய்திருக்கிறான். கண் இருந்தும் அவர்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் என்ன? "இவ்வளவு பெரிய டாக்டர், ஒலிம்பிக் டாக்டர், இவர் செய்வது தப்பாய் இருக்குமா?" என்ற நம்பிக்கைதானே? குருவைக் கேள்வி கேட்கக்கூடாது, கேட்டால் வித்தை வராது என்று நாம் ஆயிரம் வருஷமாய்ச் சொல்லிக்கொண்டு வருவதும், அந்த வெள்ளைக்காரப் பெற்றோர் ஒலிம்பிக் பேரைக் கண்டு வாயடைத்துப் போனதும் ஒரே வியாதி. இங்கிலாந்திலும் கதை இதுதான். ஆன் வைட் என்னும் வக்கீல் அம்மையார் அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி விசாரணை செய்து 2022-இல் வெளியிட்ட அறிக்கைக்கு 400-க்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். குழந்தைகளை எல்லோர் முன்னும் நிறுத்தி எடை போட்டதும், சாப்பாட்டையும் தண்ணீரையும் கக்கூசுக்குப் போவதையும் தடுத்ததும், காயத்தோடு பயிற்சி செய்யச் சொன்னதும் அதில் வெளிவந்தன. இவ்வளவும் "கட்டுப்பாடு" என்ற பேரால் நடந்தது.

கரணம் கற்றுக்கொடுக்கிறவர் குழந்தையைத் தொட்டுத்தான் தீரவேண்டும். முதுகிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தாங்காவிட்டால் குழந்தை தலையில் விழும். ஆதலால் தொடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. எங்கே தொடுவேன், எதற்காகத் தொடுவேன் என்று தொடுமுன் குழந்தைக்குச் சொல்லுகிறாரா என்பதையே கவனிக்கச் சொல்லுகிறோம். எல்லாம் பலர் பார்க்கும் இடத்தில் நடக்கிறதா? பெற்றோர் எந்த நாளிலும் சொல்லாமல் வந்து பார்க்கலாமா, அல்லது "பெற்றோர் இருந்தால் குழந்தைகள் கவனம் சிதறுகிறது" என்று திரை போட்டுவிடுகிறார்களா? கோச் குழந்தைக்குத் தனியாய்ப் போனில் செய்தி அனுப்புகிறாரா? தனிக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறாரா? இவைகளில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கோப்பை எத்தனை இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். தனியார் ஜிம்மில் கற்றுக்கொடுக்க, பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு வேண்டியது போன்ற சர்க்கார் லைசென்ஸ் வேண்டும் என்று அந்த நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. 2017-இல் ஏற்பட்ட "சேஃப்ஸ்போர்ட்" மையத்தார், குற்றத்துக்காக நீக்கப்பட்டவர்களின் பேர்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சியர் சங்கத்தாரும் தனியாய் அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். கோச்சின் பேரை இரண்டிலும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். பேர் இல்லை என்பதனால் யோக்கியர் என்று ஆகிவிடாது. இருந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

நல்ல நாள் பார்த்து விஜயதசமியில்தான் சேர்ப்போம் என்கிறவர்கள் அங்கேயும் உண்டு. நாள் பார்ப்பதானால், அந்த ஜிம்மில் கூட்டம் அதிகமாய் இருக்கிற சாயந்திரம் எது என்று விசாரித்து அன்றைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழந்தை பயந்து நிற்கும்போது கோச் என்ன செய்கிறார்? கத்துகிறாரா, மற்றக் குழந்தைகளை விட்டுச் சிரிக்க வைக்கிறாரா, அல்லது ஒரு படி கீழே இறக்கிச் சுலபமானதைச் செய்யச் சொல்லுகிறாரா? டோக்கியோவில் 2021-இல், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று கண்டவுடன் சிமோன் பைல்ஸ் "மாட்டேன்" என்று ஆட்டத்திலிருந்து விலகினார். கோழை என்று திட்டினவர்கள் உண்டு. விலகாதிருந்தால் முதுகு முறிந்திருக்கலாம் என்பது அந்த வித்தை தெரிந்தவர்களுக்குத் தெரியும். 24 வயதில் உலகப் பிரசித்தி பெற்றவருக்கே அதைச் சொல்ல அவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்றால், ஆறு வயதுக் குழந்தை அதைச் சொல்லப் பழகவேண்டிய இடம் வீடுதான். "கோச் சொன்னால் கேள்" என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டு வருகிற தகப்பனார் அரைப் பாடம்தான் சொல்லியிருக்கிறார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுவோம். வாரம் ஒரு மணி நேரம் போய்வரும் சாதாரண வகுப்புக்கு ஆவது ஒரு மாதிரி. போட்டிக் கட்சியில் சேர்ந்துவிட்டால் ஆவது வேறு மாதிரி. உடுப்பு, போட்டிக் கட்டணம், வெளியூர்ப் பயணம், அவர்கள் குறிப்பிடும் ஓட்டலிலேயே தங்கவேண்டும் என்ற நிபந்தனை என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் இழுக்கும். அந்த நாட்டில் சியர் போட்டிகளும் உடுப்பு வியாபாரமும் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கையில் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டதென்று பெற்றோர் போட்ட வழக்கில், 2024-இல் 8 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியும் அதன் முதலாளிகளும் ராஜி செய்துகொண்டார்கள். எனவே வருஷ முழுவதுக்கும் கையெழுத்து வாங்கும் காகிதத்தை எழுத்தெழுத்தாய்ப் படியுங்கள். நடுவில் குழந்தை விலகினால் என்ன, கால் ஒடிந்தால் என்ன என்பது அதில் இருக்கும். முதல் வருஷம் போட்டிக் கட்சி வேண்டாம், வெறும் கரண வகுப்பே போதும் என்பது நம் யோசனை. ஒரு நாள் இலவசமாய் வந்து பார்க்கவிடாத ஜிம்முக்கு ஒரு காசும் முன்பணமாய்க் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாய் ஒன்று. இந்த வகுப்புகளைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் பெண்ணுக்காகவே விசாரிக்கிறார்கள். வீட்டில் ஆண் பிள்ளையும் இருக்கிறானே, அவனுக்கு முன்னுருளலும் கைமேல் நிற்பதும் வேண்டாமா? கீழே நின்று மற்றவரைத் தவறாமல் தாங்கிப் பிடிக்கிற வேலையை அவனும் பழகட்டுமே. கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான். அநேக ஜிம்களில் இரண்டாவது குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளியும் கொடுக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.